கோடை விடுமுறைக்கு மொட்டும் கொழுந்தும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வேப்பமரங்கள் மாசியில் இலையை உதிர்த்துவிட்டுப் பங்குனியில் செம்பு நிறக் கொழுந்து விடும். கொழுந்து பச்சை பிடிப்பதற்குள் மொட்டும் வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடி, சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் ஊர் வந்து சேர்கிற நேரத்தில் திண்ணையிலும் வாசலிலும் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும். வேலியில் பிரண்டை, சாலையோரம் ஆவாரை, கிணற்றடியில் கொய்யாவும் மாதுளையும், கொள்ளிடக்கரைப் பக்கம் வாழை என்று, கத்திரி வெயில் காலத்துக்கு வேண்டிய மொட்டும் கொழுந்தும் இந்த இரண்டு மாவட்டத்திலும் பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எந்த இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று சொல்வதற்காகவே இந்த அத்தியாயம்.

செடி வளர்வது மொட்டிலும் கொழுந்திலும்தான். பூச்சி முதலில் கடிக்க வருவதும் அங்கேதான். அதனால் பல செடிகள் கசப்பையும் துவர்ப்பையும் அந்த முனையில் சேர்த்து வைக்கின்றன. நம் வீடுகளில் முற்றிய இலையை ஒதுக்கிக் கொழுந்தைக் கிள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நார் இல்லை, அரைபடும், வயிற்றுக்கு இலகு. ஐரோப்பாவில் இதையே தனி வைத்தியமாக வளர்த்திருக்கிறார்கள். பெல்ஜிய மருத்துவர் போல் ஆன்ரி சென்ற நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய முறை அது. பிளாக்கரன்ட், லிண்டன், அத்தி போன்றவற்றின் மொட்டுகளைச் சாராயத்திலும் கிளிசரினிலும் ஊறவைத்துச் சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள். ஜெம்மோதெரபி என்ற பெயரில் அந்தப் புட்டிகள் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவை நோயைக் குணமாக்கும் என்பதற்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை. சாராயம் கலந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. நம் ஊர் முறைக்குப் புட்டி தேவையில்லை. ரசத்திலும் துவையலிலும் பொரியலிலும் சேர்கிற அளவுக்குமேல் போகாமல் இருப்பதே அதன் பாதுகாப்பு. பின்னால் வரும் ஒவ்வொரு குறிப்பையும் இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். சாறு பிழிவது, சுண்டக் காய்ச்சுவது, வேளைக்கு வேளை குடிப்பது என்று போய்விட்டால் அது சமையல் இல்லை. அதற்குச் சித்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பறிக்கும் இடம், பறிக்கும் நேரம்

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையின் இரண்டு ஓரத்துச் செடியும் வெளுத்துப்போய் நிற்கும். அந்த ஆவாரம்பூவைத் தொடாதீர்கள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் மொட்டின் மடிப்பில் புகுந்த தூசி முழுதாகப் போகாது. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயக் காடுகளின் வரப்பிலும் எச்சரிக்கை வேண்டும். காட்டுக்காரரிடம் எப்போது மருந்தடித்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பச்சைமலைக்குப் போகிறவர்கள் காப்புக்காட்டில் பூவோ மொட்டோ பறிக்கக் கூடாது, அது வனச் சட்டப்படி குற்றம். மலை ஊர்க்காரர்கள் அவர்கள் தோட்டத்தில் விளைந்ததை விற்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பனி ஈரம் உலர்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்பான காலை நேரம்தான் பறிக்க நல்லது. மொட்டைப் பறித்தால் அதில் வர வேண்டிய காய் போய்விடும் என்பதால் நான் ஒரு ஒழுங்கை வலியுறுத்துவேன்: தானாக உதிர்வதை முதலில் எடுங்கள். வேம்பு உதிர்க்கிற பூவுக்குக் கணக்கே இல்லை. முருங்கையும் தான் விட்ட பூவில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். மாதுளையில் அடி பருத்துக் குடம்போல் இருப்பது பிஞ்சாகும். அடி ஒடுங்கிய மணி வடிவப் பூ காய்க்காமல் விழுந்துவிடும். அந்த மணி வடிவத்தையும் அதன் மொட்டையும் எடுத்தால் மரத்துக்கு நட்டமில்லை. இதைப் பிள்ளைகளுக்கு மரத்தடியிலேயே நிறுத்தி ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவர்களே பிரித்து எடுத்துவருவார்கள்.

வேம்பு

ராத்திரி மரத்தடியைப் பெருக்கிப் பழைய பருத்திப் புடவையை விரித்து வையுங்கள். விடிகாலையில் பூவும் மொட்டுமாகச் சேர்ந்திருக்கும். காம்பு, தூசி, எறும்பு போக முறத்தில் புடைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் சருகுபோல் ஆகிவிடும். மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்து எடுப்பதும் உண்டு. அது வற்றல்போல வறுத்துச் சாதத்தில் பிசைய நன்றாக இருக்கும்.

வேப்பம்பூ ரசத்தில் கசப்பு தூக்கலாகிவிட்டால் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கம் வரமாட்டார்கள். எனவே பக்குவம் முக்கியம். புளி, உப்பு, பெருங்காயம், மிளகாய் சேர்த்து ரசத்தை முழுதாக வைத்து இறக்கிவிடுங்கள். தனியே ஒரு கரண்டியில் நெய்விட்டு, நாலு பேருக்கு இரண்டு தேக்கரண்டி உலர்ந்த பூவைப் போட்டு, மிதமான தீயில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து ரசத்தின் மேல் கொட்டி மூடுங்கள். பூவைப் போட்டபின் கொதிக்கவிடக் கூடாது. கொதித்தால் கசப்பு இறங்கிவிடும். வெயிலில் பசி மந்தித்துச் சோறு வேண்டாம் என்கிற வயசானவர்களுக்கு மதியத்தில் இது ஒன்று போதும், இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லத்தோடு பச்சடியில் சேர்க்கிற பூவும் இதுதான்.

வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் காலையில் விழுங்குகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெரியவர்கள் எப்போதாவது ஒருநாள் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கும் வேப்பங்கொழுந்து உருண்டையும் சாறும் கூடவே கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை வாய்வழி புகட்டாதீர்கள். சளிக்கும் மாந்தத்துக்கும் என்று புகட்டி, வலிப்பு வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. 

கோடையில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, படுக்கையில் கொழுந்தைப் பரப்பி, அந்தக் கொழுந்தாலேயே தடவிக்கொடுப்பார்கள். அந்த வீட்டின் சுத்தமும் விலக்கமும் நல்ல ஏற்பாடு. தொற்று தெருவுக்குப் பரவாமல் தடுக்கும். அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே டாக்டரையும் பார்க்கலாம். சின்னம்மை வைரஸால் வருகிறது. கர்ப்பிணி, பச்சைக்குழந்தை, பெரியவர்கள், புற்றுநோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குக் கொப்புளம் தெரிந்த முதல் நாளே ஆஸ்பத்திரி போக வேண்டும், ஏனென்றால் அசைக்ளோவிர் மாத்திரை ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பலன். அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுவதால் கெடுதல் இல்லை.

ஆவாரை

மழை பார்க்காத மேட்டுநிலத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி. உச்சிவெயிலில் வேலை செய்கிறவர்கள் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வார்கள். நிழலும் ஈரமும் தலைக்குக் கிடைக்கிறது. காட்டுப்பக்கம் விளையாடப் போகும் பிள்ளைகளுக்கும் அப்படியே கட்டி அனுப்பலாம்.

குடிநீருக்குப் பூவும் விரியாத மொட்டும் சேர்த்து ஒரு சிறு கைப்பிடி, இரண்டு தம்ளர் தண்ணீர், ஐந்து நிமிடக் கொதி, வடிகட்டிப் பனங்கற்கண்டு. பெரியவர்கள் நாளைக்கு ஒருமுறை குடிக்கலாம். காப்பி, டீயைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு இது நல்ல மாற்று. சர்க்கரைக்கு ஆவாரை நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது, உண்மைதான். அதனாலேயே, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தினமும் குடிக்கக் கூடாது. விடுமுறைக்கு ஊர் வந்த உற்சாகத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூவுக்கு மாறுவது ஆபத்து.

குளியல் பொடிக்கு: நிழலில் உலர்ந்த ஆவாரம்பூ, பாசிப்பயறு, வெட்டிவேர், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். மில்லில் அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளலாம். வேர்க்குருவுக்குப் பொடியைவிடத் தளர்ந்த பருத்திச் சட்டையும் இரண்டு வேளைக் குளியலும்தான் மருந்து.

ஆவாரையோடு பேயாவரையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மஞ்சள் பூவும் காயும் பார்வைக்கு ஒரே குடும்பம்தான். பேயாவரை குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் வளரும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருடா வருடம் பிள்ளைகள் மர்மமாக இறந்துகொண்டிருந்தபோது, வேலூரைச் சேர்ந்த வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜானும் அங்குள்ள குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் தேடிப்போய்க் கண்டுபிடித்த காரணம் பேயாவரையின் விதை. பசியிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் அதைத் தின்றிருந்தார்கள். ஈரல், தசை, மூளை மூன்றையும் தாக்கும் நஞ்சு அது. இரண்டு செடியும் அடையாளம் தெரிந்த பெரியவர் யாராவது கூட இருந்தால் மட்டும் ஆவாரம்பூ பறிக்கப் போங்கள்.

வயிறு கெட்டால்

விடுமுறையில் அதிகம் வரும் தொல்லை இதுதான். திருவிழாத் தண்ணீர், ஐஸ், ஈ மொய்த்த பலகாரம், ஊர் மாறிய வயிறு. கைவைத்தியத்தில் மாதுளை மொட்டும் கொய்யாக் கொழுந்தும் இதற்குப் பேர்போனவை. இரண்டிலும் உள்ள துவர்ப்பு குடலைக் கட்டும். கொய்யா இலையை மெக்சிகோவில் வயிற்றுக் கோளாறுக்கு முறையாக மருந்தாக்கிச் சோதித்தே இருக்கிறார்கள். ஐந்தாறு கொய்யாக் கொழுந்தை இரண்டு தம்ளர் நீரில் கொதிக்கவைத்து, பெரியவர் அரைத் தம்ளர் குடிக்கலாம். மாதுளை மொட்டை உலர்த்திப் பொடித்தது இருந்தால் ஒரு சிட்டிகை மோரில் கலந்து குடிக்கலாம். ஒருநாள் பார்த்து நிற்கவில்லை என்றால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இவை எதுவும் வேண்டாம். பேதியில் பிள்ளையைக் கொல்வது நீர் இழப்பு. அதை மொட்டு ஈடுகட்டாது, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஈடுகட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 1 லிட்டர் பொட்டலத்தை முழுதாக 1 லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் என்று கண்ணளவில் கரைத்தால் உப்பு கூடிவிடும். ஒவ்வொரு முறை போனபின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றபின்னும் 14 நாளையும் முடிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, குழிவிழுந்த கண், சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடுப்படி மொட்டுகள்

நம் சமையலில் இருக்கிற மிகப் பெரிய மொட்டு வாழைப்பூ. கொள்ளிடத்தை ஒட்டிய திருமானூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பூவை ஒரு மதியப்பொழுது பிள்ளைகள் முன்னால் போட்டுவிடுங்கள். மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனைக் கிள்ளி எறிகிற வேலை அவர்களுக்குப் பிடிக்கும், வெயிலிலும் போகமாட்டார்கள். நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது. நார்ச்சத்து நிறைந்தது, வெயிலில் மலம் இறுகுகிறவர்களுக்குப் பருப்புசிலியாகவோ வடையாகவோ வாரம் இரண்டு முறை கொடுக்கலாம்.

பிரண்டையில் கணு முற்றாத நுனிக் கொழுந்துதான் துவையலுக்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரியுங்கள், இல்லையென்றால் அரிக்கும். நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்குவதும் புளி சேர்ப்பதும் தொண்டை அரிப்பைத் தடுக்கத்தான். இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. வேப்பம்பூ ரசமும் பிரண்டைத் துவையலும் ஒரே நாளில் வைக்காதீர்கள், பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள்.

முருங்கைப்பூவை மொட்டோடு சேர்த்துப் பாசிப்பருப்பிலோ முட்டையிலோ புரட்டலாம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ருசியான கறி.

அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற கிராம்பும் மொட்டுதான். விரிவதற்கு முன் பறித்து உலர்த்தியது. நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மலைத்தோட்டத்துக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராத்திரியில் பல் வலித்தால் பெரியவர்கள் ஒரு கிராம்பை அந்தப் பல்லில் கடித்துக்கொண்டு காலையில் பல் டாக்டரிடம் போகலாம். கிராம்பு எண்ணெயைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு சின்னப் புட்டி உள்ளே போனால் ஈரல் கெடும்.

அடுப்படிக்கு வெளியே, கோடை மல்லிகையைப் பற்றியும் ஒரு செய்தி. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள்; பூவும் வேலை செய்தது. நம் பாட்டிமார் அறிவை இப்படி மதித்துச் சோதிக்கிற ஆய்வு இன்னும் எத்தனையோ செடிக்கு நடக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டிருக்கிற தாய் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டக் கூடாது என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

தொடக்கூடாதவை

பிள்ளைகள் வந்த முதல் நாளே தெருவில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். எருக்கம் மொட்டை அமுக்கி டப்பென்று வெடிக்கவைப்பது பழைய விளையாட்டு. அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். சிலருக்கு ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாது, பார்வை மட்டும் மங்கும். பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். ஊமத்தை, அரளி, குன்றிமணி, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு விதை எல்லாம் விஷம். காட்டாமணக்கு விதை கடலைபோல ருசிக்கும் என்பதால் பிள்ளைகள் பகிர்ந்து தின்றுவிடுவார்கள். தின்றது தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், தின்ற விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் விடுமுறை முந்திரிக் காலமும்கூட. பச்சைக் கொட்டையின் தோலெண்ணெய் பட்டால் கையும் உதடும் புண்ணாகும். பிள்ளைகளே சருகு போட்டுச் சுடுவதற்கு விடாதீர்கள். தெறிக்கும், புகையும் கண்ணைத் தாக்கும்.

வெயில் தாக்கினால்

வெயிலில் இருந்த ஒருவர் உளறினால், தள்ளாடினால், மயங்கினால், வலிப்பு வந்தால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். இதற்கு ஆவாரையும் இல்லை, மோரும் இல்லை, பாராசிட்டமாலும் இல்லை. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத் துணியோ ஐஸோ வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் அங்கும் பெரிய வசதி வந்திருக்கிறது. எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்களோ அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரி எது, இரவில் டாக்டர் இருப்பாரா என்று வந்த முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஊர் திரும்பும்போது

ஜூனில் கிளம்புவதற்குள் உலர்ந்த வேப்பம்பூ, ஆவாரம்பூ, மாதுளை மொட்டு மூன்றையும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டிகளில் தனித்தனியே போட்டு, பெயரும் உலர்த்திய தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். பொடித்து எடுத்துப் போகாதீர்கள். பொடி சீக்கிரம் வாசம் இழக்கும், எது எதென்றும் தெரியாது. பூஞ்சை வாடை வந்தாலோ வண்டு வைத்தாலோ மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பங்குனிவரை வரும். வீட்டில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரைச் சீட்டோடு இந்தப் புட்டிகளையும் எடுத்துப்போய்க் காட்டி, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.